டிராக்கி டியூபில் சக்‌ஷன் போடுவது: வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

தலைக்காயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் 12 வருடம் நர்ஸாக இருந்தேன். கழுத்தில் டியூபோடு வீட்டுக்குப் போகிறவரின் மனைவியையோ மகனையோ கட்டில் பக்கத்தில் நிறுத்தி, மிஷினால் சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் போடக் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் என் தலையில்தான் விழும். வார்டில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போன இரண்டாம் நாள் ராத்திரி போன் வரும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை எழுதி வைத்தேன். கடைசியில் உள்ள சில, புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் பிள்ளைகள் கேட்டவை.

இதில் உள்ள அளவுகள் பெரியவர்களுக்கு மட்டும். குழந்தைகளுக்கு டியூபும் வேறு, அழுத்தமும் வேறு. உங்கள் டாக்டர் உங்கள் நோயாளிக்கென்று வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதையே செய்யுங்கள்.

மூக்கும் வாயும் நல்லாத்தானே இருக்கு, கழுத்துல எதுக்கு சிஸ்டர் ஓட்டை?

மூச்சுக்குழாய்க்கு நேராக, தொண்டைக்குக் கீழே ஒரு வழி போட்டு அதில் டியூப் வைப்பதுதான் டிரக்கியாஸ்டமி. பைக் விபத்தில் தலையில் அடிபட்டு நினைவு சரியாகத் திரும்பாதவர்கள், பக்கவாதத்தில் விழுங்க முடியாதவர்கள், ரொம்ப நாள் வென்டிலேட்டரில் இருந்தவர்கள், தொண்டையில் புற்றுநோய் வந்து வழி அடைத்தவர்கள் என்று காரணம் பல. வாய் வழியாகப் போட்ட டியூபை வாரக்கணக்கில் வைத்திருக்க முடியாது. கழுத்து டியூப் நோயாளிக்கும் சுகம், பார்த்துக்கொள்கிறவருக்கும் சுலபம்.

இதில் ஒரு நஷ்டம் உண்டு. மூக்கு நமக்குத் தெரியாமலே மூன்று வேலை செய்கிறது: காற்றைச் சூடாக்குகிறது, ஈரமாக்குகிறது, தூசியை வடிகட்டுகிறது. டியூப் போட்டவருக்கு இந்த மூன்றும் இல்லாமல் காற்று நேராக நெஞ்சுக்குள் போகிறது. சளி கூடுவதற்கும் கெட்டியாவதற்கும் பாதிக் காரணம் இதுதான்.

அவரே நல்லா இருமுறாரு. அப்புறமும் சக்‌ஷன் போடணுமா?

இருமிச் சளியை டியூபின் வாய்வரை கொண்டுவந்துவிட்டால் பஞ்சுத் துணியால் துடைத்தாலே போதும். அதைவிட நல்ல சக்‌ஷன் எந்த மிஷினும் செய்யாது. இருமல் பலமாக இருப்பவருக்கு முதலில் இருமச் சொல்லுங்கள், அதிலும் வராவிட்டால் கதீட்டரை, அதாவது சளியை உறிஞ்சும் மெல்லிய குழாயை, கையில் எடுங்கள்.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அலாரம் வச்சுப் போட்டுடலாமா?

நான் அதிகம் கேட்ட கேள்வி இது. வேண்டாம். சக்‌ஷனுக்கு மணிக் கணக்கு கிடையாது, தேவை இருந்தால் மட்டுமே. ஒவ்வொரு முறை கதீட்டர் உள்ளே போகும்போதும் மூச்சுக்குழாயின் உள்தோல் உரசப்படுகிறது, சளியோடு சேர்த்து ஆக்ஸிஜனும் உறிஞ்சப்படுகிறது. தேவையில்லாமல் உரச உரச அந்தத் தோல் வீங்கி இன்னும் அதிகமாகச் சளி சுரக்கும். “எடுக்க எடுக்க வந்துகிட்டே இருக்கு சிஸ்டர்” என்று சொல்லும் வீடுகளில் பாதிப் பேர் அலாரம் வைத்துப் போடுபவர்கள்.

தேவை எப்போது என்று காதும் கண்ணும் கையும் சொல்லும். டியூபில் களகளவென்று சத்தம், டியூப் வாயில் சளி எட்டிப்பார்ப்பது, மூச்சு வேகமாவது, விலா எலும்புக்கு நடுவே தோல் உள்வாங்குவது, காரணமில்லாத பதற்றம், நெஞ்சில் உள்ளங்கையை வைத்தால் கரகரவென்று அதிர்வது, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் அவருடைய வழக்கமான எண் இறங்குவது. இவற்றில் ஒன்றிரண்டு இருந்தால் போடுங்கள். அமைதியாகத் தூங்குகிறவரை எழுப்பிப் போடாதீர்கள்.

அலாரம் வைத்தே ஆக வேண்டும் என்றால் பார்ப்பதற்கு வையுங்கள். இரண்டு மணிக்கொருமுறை போய்க் கேளுங்கள், தொட்டுப் பாருங்கள். காலையில் எழுந்ததும், நெபுலைசர் முடிந்ததும், புரட்டிப் படுக்கவைத்ததும் பெரும்பாலும் தேவைப்படும். ஆனால் நாள் முழுக்கச் சத்தமே இல்லை, டியூப் வாயில் ஒன்றுமே வரவில்லை என்றால் அதுவும் சந்தேகத்துக்குரியது. சளி உள்ளே காய்ந்து ஒட்டுகிறதா என்று, டியூபுக்குள் செருகியிருக்கும் உள்டியூபைக் கழற்றிப் பாருங்கள்.

வீட்டுல என்னென்ன வாங்கி வைக்கணும்?

சக்‌ஷன் மிஷின், சரியான அளவில் கதீட்டர், கையுறை, முகக்கவசம், கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு மூடி போட்ட கிண்ணத்தில், பஞ்சுத் துணி, பல்ஸ் ஆக்ஸிமீட்டர், நெபுலைசர். இதெல்லாம் எல்லோரும் வாங்கிவிடுவார்கள்.

வாங்காமல் விடுபவை: இப்போது போட்டிருக்கும் அதே அளவில் ஒரு டியூப், அதைவிட ஓர் அளவு சின்னதாக இன்னொன்று, டியூப் கட்டும் நாடா, கஃப் (டியூபைச் சுற்றி ஊதி வைக்கும் சின்ன பலூன்) உள்ள டியூபாக இருந்தால் காற்று எடுக்க 10 மில்லி சிரிஞ்ச், கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பை, கரண்ட் இல்லாமல் ஓடும் ஒரு சக்‌ஷன். இவற்றை ஒரு பையில் போட்டுக் கட்டில் தலைமாட்டில் தொங்கவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தப் பையும் கூடவே போக வேண்டும். ஸ்கேன் எடுக்கப் போகும் வழியில் ஆட்டோவில் டியூப் அடைத்துக்கொண்ட கதை எனக்கே இரண்டு தெரியும்.

மருந்துக் கடையில 10ஆ, 12ஆ, 14ஆன்னு கேக்குறாங்க. எதை வாங்குறது?

கதீட்டரின் தடிமன் டியூபின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. கதீட்டர் எண்ணை 3ஆல் வகுத்தால் அதன் தடிமன் மில்லிமீட்டரில் வரும். 12ஆம் எண் என்றால் 4 மி.மீ. உங்கள் டியூப் 8 என்றால் அதில் பாதி 4, ஆகவே 12 சரி. 7 அல்லது 7.5 டியூபுக்கு 10. டியூபின் அளவு கழுத்தில் படியும் தகட்டில் அச்சடித்திருக்கும்.

நிறத்தை வைத்தும் அடையாளம் காணலாம்: 10 கறுப்பு, 12 வெள்ளை, 14 பச்சை. தடியாக இருந்தால் நிறைய வரும் என்று 14 வாங்கிப் போகிறவர்கள் உண்டு. தடித்த கதீட்டர் டியூபை அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் காற்று நுழைய இடமில்லாமல் நுரையீரலில் இருக்கும் காற்றையே இழுத்துவிடும், சின்னச் சின்னக் காற்றறைகள் சுருங்கிப் போகும். இன்னொன்று, மெட்டல் டியூபின் எண் வேறு கணக்கு. அதற்கு இந்த வாய்ப்பாட்டைப் போடாமல் டியூப் போட்ட டாக்டரிடம் கதீட்டர் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மிஷின்ல முள்ளை எவ்வளவுல வைக்கணும்? கூட்டி வச்சா சீக்கிரம் முடிஞ்சிடுமே?

100 முதல் 120 மி.மீ. பாதரசம். சளி ரொம்பக் கெட்டி என்றால் 150 வரை. சில மிஷின்களில் அளவு மெகாபாஸ்கலில் இருக்கும். அதில் 120 என்பது 0.016, 150 என்பது 0.02. முள் ஆரம்பத்திலேயே நிற்பதைப் பார்த்து “மிஷின் வேலை செய்யல” என்று நினைத்து முழுசாகத் திருகிவிடுகிறார்கள். 0.08இல் முள் நின்றால் அது 600 மி.மீ., தேவையைப் போல ஐந்து மடங்கு. அவ்வளவு இழுவையில் கதீட்டரின் ஓட்டை உள்தோலைக் கவ்விப் பிடித்துக் கிழித்துவிடும்.

அழுத்தம் பார்க்கும் முறை: மிஷினை ஓடவிட்டு, கதீட்டர் மாட்டும் குழாயின் நுனியைக் கட்டைவிரலால் முழுசாக மூடுங்கள். அப்போது முள் எங்கே நிற்கிறதோ அதுதான் கணக்கு. மூடாமல் பார்க்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

ஒரு தடவை ஆரம்பத்துல இருந்து வரிசையா சொல்லுங்க.

சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். நினைவு இல்லாதவராக இருந்தாலும் “சளி எடுக்கப் போறேன்” என்று சொல்லுங்கள். தலைப்பக்கம் அரைவாசி உயர்த்திப் படுக்கவையுங்கள். அழுத்தம் பாருங்கள். ஆக்ஸிஜனில் இருப்பவர் என்றால் டாக்டர் சொன்ன அளவுக்கு ஒரு நிமிடம் கூட்டி வையுங்கள். முகக்கவசம், கையுறை. கதீட்டர் உறையை மேல்பக்கம் மட்டும் கிழித்து மிஷின் குழாயில் மாட்டி, பிறகு உருவி எடுங்கள். உள்ளே போகும் பகுதி துணியிலும் படுக்கையிலும் படக் கூடாது. ஒரு கை கதீட்டருக்கு மட்டும், மற்ற கை மிச்ச எல்லாவற்றுக்கும்.

கொதித்து ஆறிய தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சிப் பாருங்கள். நுனியும் ஈரமாகும், மிஷின் இழுப்பதும் தெரியும். இப்போது கதீட்டரில் மிஷின் குழாய் மாட்டிய முனையில், பக்கவாட்டில் உள்ள ஓட்டையைத் திறந்தே வைத்து, குறித்த ஆழம்வரை மெதுவாக உள்ளே விடுங்கள். போகும்போது உறிஞ்சக் கூடாது. ஆழம் வந்ததும் அந்த ஓட்டையைக் கட்டைவிரலால் மூடி, நிற்காமல் வெளியே இழுத்துக்கொண்டே வாருங்கள். மேலும் கீழும் குத்தக் கூடாது. விரலால் உருட்டச் சொல்லிச் சிலர் கற்றுத்தருவார்கள். இப்போதைய கதீட்டர்களில் நுனியைச் சுற்றிப் பல ஓட்டைகள் இருப்பதால் உருட்டாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

வெளியே வந்ததும் முதல் வேலை, ஆக்ஸிஜன் இருந்தால் அதைத் திரும்பக் கழுத்தில் வைப்பது. அப்புறம் குழாயில் தண்ணீர் இழுத்துக் கழுவுங்கள், முகத்தையும் ஆக்ஸிமீட்டரையும் பாருங்கள். முடிந்ததும் கதீட்டரை உள்ளங்கையில் சுருட்டி, கையுறையை அதன் மேலேயே உருவினால் இரண்டும் ஒரே மூட்டையாகக் குப்பைக்குப் போய்விடும். மறுபடி கை கழுவுங்கள். ஒரு நோட்டில் நேரம், சளியின் நிறம், கெட்டியா இளக்கமா என்று மூன்று வார்த்தை எழுதுங்கள். டாக்டருக்கு உங்கள் நினைவைவிட அந்த நோட்டு உதவும்.

எவ்வளவு ஆழம் விடணும்? முட்டுற வரைக்கும் விடச் சொன்னாங்களே?

முட்டுகிற இடம் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் கவை. அங்கே குத்திக் குத்திப் புண்ணாகும், தழும்பாகும். வீட்டில் அளந்துதான் விட வேண்டும். பையில் இருக்கும் மாற்று டியூபை எடுத்து அதற்குள் கதீட்டரை விட்டு, நுனி மறுமுனையில் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் எட்டிப் பார்க்கும்போது வெளிவிளிம்பில் எவ்வளவு என்று பாருங்கள். அந்த நீளத்தைச் சுவரில் ஒட்டிய காகிதத்தில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். டியூபை வேறு வகைக்கு மாற்றினால் திரும்ப அளக்க வேண்டும், பழைய கோடு செல்லாது.

பத்து விநாடின்னு சொல்றாங்க. நடுங்குற கையோட யாரு எண்ணுறது?

கதீட்டர் உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை 10 விநாடி, எக்காரணம் கொண்டும் 15ஐத் தாண்டக் கூடாது. எண்ண முடியாவிட்டால் இதைச் செய்யுங்கள்: கதீட்டர் உள்ளே போகும்போது நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூச்சு வேண்டும் என்று தோன்றினால் அவருக்கு எப்போதோ தோன்றியிருக்கும். ஆனால் நன்றாக மூச்சடக்கிப் பழகியவர்கள் இதை நம்ப வேண்டாம். கிணற்றில் முங்கு நீச்சல் அடித்து வளர்ந்த ஒரு தம்பி இப்படித்தான் அரை நிமிடம் உள்ளேயே வைத்திருந்தார்.

ஒரு தடவையில முழுசா வரலையே, விடாம எடுத்துடவா?

ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவே குறைந்தது அரை நிமிடம், ஆக்ஸிமீட்டரின் எண் பழைய இடத்துக்கு வரும்வரை பொறுங்கள். ஒரே அமர்வில் மூன்று முறைக்கு மேல் வேண்டாம். துளி சளி இல்லாமல் துடைத்து எடுப்பது நம் நோக்கமே இல்லை. களகள சத்தம் போய் மூச்சு லேசானால் நிறுத்திவிடலாம். மிச்சம் இருப்பதை அரை மணி கழித்து அவரே இருமி மேலே கொண்டுவருவார்.

பக்கத்து பெட்டுக்காரர் சலைன் ரெண்டு சொட்டு விட்டா இளகிடும்னாரு. விடலாமா?

பல வார்டுகளில் இன்றும் செய்கிறார்கள், நானும் பல வருடம் செய்தேன். சலைனும் சளியும் தண்ணீரும் எண்ணெயும் மாதிரி, சுலபத்தில் கலக்காது. விட்ட சலைனில் பாதிக்கு மேல் திரும்பி வராமல் கீழே இறங்கும், டியூபின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் கிருமியையும் கூடவே அழைத்துப் போகும். சலைன் விட்டதும் சளி நிறைய வருவதாகத் தோன்றுவதற்குக் காரணம், அது கிளப்பும் இருமல். அமெரிக்கச் சுவாசச் சிகிச்சைச் சங்கம் 2010இலும் 2022இலும் வெளியிட்ட வழிகாட்டிகள் வழக்கமாகச் சலைன் விடுவதைத் தவிர்க்கத்தான் சொல்கின்றன. அதே சலைனை நெபுலைசரில் ஆவியாகக் கொடுப்பது வேறு சங்கதி, அது நல்லது.

அப்ப பிசின் மாதிரி ஒட்டுற சளியை என்ன பண்றது?

வெளியிலிருந்து ஈரமும் உள்ளிருந்து நீரும் கொடுக்க வேண்டும். டாக்டர் சொன்னபடி நெபுலைசர். டியூப் வாயில் மாட்டும் சின்ன ஈரப்பத வடிகட்டி கிடைக்கிறது, வெளியே விடும் மூச்சின் ஈரத்தைப் பிடித்து வைத்து அடுத்த மூச்சுக்குத் திருப்பிக் கொடுக்கும். சளியில் நனைந்துவிட்டால் அதுவே வழியை அடைக்கும் என்பதால் உடனே மாற்ற வேண்டும். அது இல்லாத வீட்டில் ஈரமான ஒற்றை மடிப்பு பஞ்சுத் துணியை டியூப் வாயின் முன்னே தொங்கவிடலாம். சொட்டச் சொட்ட வேண்டாம், நூல் பிரியும் துணியும் வேண்டாம்.

தண்ணீர் கொடுக்கும் அளவை டாக்டரிடம் கேளுங்கள். கிட்னி, இதயப் பிரச்சினை உள்ளவருக்கு நாமாகக் கூட்டக் கூடாது. ஏசி அறையில் சளி சீக்கிரம் காயும். அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். போடுங்கள், ஆனால் காற்று நேராகக் கழுத்தில் படாமல் திருப்பி வையுங்கள்.

உள்டியூபை எத்தனை தடவை கழுவணும்?

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, சளி கூடினால் இன்னும் அடிக்கடி. கழுவி, உதறி, உடனே திரும்பப் போட வேண்டும். நிறைய பேர் கழுவிக் காய வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். உள்டியூப் இருப்பதே, அடைத்தால் அதை மட்டும் உருவிவிட்டு மூச்சு வாங்கத்தான்.

ஒரு நாளைக்குப் பத்து கதீட்டர் ஆகுது. கழுவித் திரும்பப் போடலாமா?

உறையில் ஒரு முறைக்கு மட்டும் என்றுதான் போட்டிருக்கும். ஆஸ்பத்திரியில் அதற்கு மாற்றே இல்லை, அங்கே சுற்றியிருப்பவை மருந்துக்கு அடங்காத கிருமிகள். வீட்டில் நிலைமை கொஞ்சம் வேறு. வீட்டில் கிருமிநீக்கம் செய்த முறை அல்ல, சுத்தமான முறை போதும் என்பதுதான் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. வசதி இல்லாத வீடுகளில் ஒரே நோயாளிக்குக் கழுவிப் பயன்படுத்த டாக்டர்கள் அனுமதிப்பதும் உண்டு. அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அப்படிச் செய்தால்: பயன்படுத்திய உடனே சூடான சோப்புத் தண்ணீரை மிஷினாலேயே உள்ளே இழுத்துக் கழுவி, டாக்டர் சொன்ன கிருமிநாசினியில் ஊறப்போட்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் அலசி, தொங்கவிட்டு உள்ளேயும் காயவிட்டு, மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். ஈரம் தங்கினால் கிருமி வளரும். கலங்கியது, விறைத்தது, உள்ளே சளி கறையாகப் படிந்தது எல்லாம் குப்பைக்கு. கிண்ணத்துத் தண்ணீரில் கதீட்டரைப் போட்டே வைத்து நாள் முழுக்க எடுத்து எடுத்துப் போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். நான் பார்த்த வீட்டுப் பழக்கங்களில் ரொம்ப மோசமானது அது.

அதே கதீட்டரை வாய்க்குள்ள விடலாமா?

முதலில் கழுத்து, பிறகு வாய் என்றால் விடலாம். வாயில் விட்டதைத் திரும்பக் கழுத்தில் விடவே கூடாது.

சாப்பாடு கொடுத்த உடனே சளி கத்துது. என்ன செய்ய?

மூக்குக் குழாயிலோ வயிற்றுக் குழாயிலோ உணவு கொடுப்பதற்கு முன்பே ஒருமுறை பார்த்து, தேவை என்றால் சக்‌ஷனை முடித்துவிடுங்கள். வயிறு நிறைந்திருக்கும்போது இருமல் வந்தால் வாந்தி வரும், அது நுரையீரலுக்குள் போகும். உணவு கொடுத்த பிறகு அரை மணி முதல் ஒரு மணி வரை தள்ளிப்போட முடிந்தால் நல்லது, தலைப்பக்கமும் உயர்ந்தே இருக்கட்டும். மூச்சுத் திணறினால் வயிற்றைப் பற்றி யோசிக்காமல் உணவை நிறுத்திவிட்டு சக்‌ஷன் போடுங்கள். சளியோடு பாலோ கஞ்சியோ வந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

போடும்போது முகம் கறுத்துப்போச்சு, பல்ஸ் டக்குன்னு இறங்குது. நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று ஆக்ஸிஜன் குறைவது: அதிக நேரம், தடித்த கதீட்டர், கூடுதல் அழுத்தம். மேலே சொன்ன மூன்றையும் சரிபாருங்கள். இன்னொன்று, மூச்சுக்குழாயைச் சீண்டும்போது வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயத் துடிப்பு குறைவது. ஆழமாக விடுபவர்களிடம் இது அதிகம்.

என்ன காரணமானாலும் அந்த நொடியில் செய்ய வேண்டியது ஒன்றே: கட்டைவிரலை எடுங்கள், கதீட்டரை உருவுங்கள், ஆக்ஸிஜன் இருந்தால் கொடுங்கள். ஆக்ஸிமீட்டர் 90க்குக் கீழே போனாலே நிறுத்திவிட வேண்டும். ஓரிரு நிமிடத்தில் பழைய நிலைக்கு வராவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள்.

சளில ரத்தம் வருது.

சளியில் கீற்றாக, இளஞ்சிவப்பாக ஒருமுறை வந்தால் பெரும்பாலும் உரசல். ஆழத்தையும் அழுத்தத்தையும் குறையுங்கள், ஈரப்பதத்தைக் கூட்டுங்கள், மறுநாளும் வந்தால் காட்டுங்கள்.

சிவப்பாக, புது ரத்தமாக, சளி கலக்காமல் வந்தால் கதை வேறு. டியூபின் நுனியோ கஃபோ உரசி, மூச்சுக்குழாயின் முன்னால் குறுக்கே ஓடும் பெரிய ரத்தக் குழாயில் ஓட்டை விழுவது அபூர்வம்தான், ஆனால் நடக்கும். பெரும்பாலும் ஆபரேஷனுக்குப் பிறகு முதல் மூன்று நான்கு வாரங்களில். பெருவெள்ளத்துக்கு முன்னால் சிறிதாக ஒருமுறை வந்து தானே நின்றுபோவது இதன் வழக்கம். “நின்னுடுச்சு, காலைல பார்த்துக்கலாம்” என்று தூங்கப் போகாதீர்கள். நின்றாலும் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரி.

சளி நிறத்தை வச்சு என்ன தெரியும்?

வெள்ளை, நிறமற்றது என்றால் கவலை இல்லை. மஞ்சள், பச்சை, நாற்றம், திடீரென்று அளவு கூடுவது, கூடவே காய்ச்சல் என்றால் தொற்று. நிறம் ஒன்றை மட்டும் வைத்து மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். நுரைத்த இளஞ்சிவப்பு நீர் வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம், உடனே கிளம்புங்கள்.

கரண்ட் போனா என்ன பண்றது?

மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் நிறுத்தினால் மாலைவரை கரண்ட் வராத ஊர்கள் உண்டு. அறிவிப்பு முன்னாலேயே வரும், அன்று எல்லாம் சார்ஜில் இருக்கட்டும். பேட்டரியில் ஓடும் மிஷின் நல்லது. காலால் மிதிக்கும் சக்‌ஷன் கடைகளில் கிடைக்கிறது, பார்க்கப் பழைய சாமான் மாதிரி இருந்தாலும் புயல் நாட்களில் அதுதான் கைகொடுக்கும். இன்வெர்ட்டர் இருந்தால் மிஷின் அதில் ஓடுகிறதா என்று கரண்ட் இருக்கும்போதே சோதித்துப் பாருங்கள்.

எதுவுமே இல்லாத நிலையில் 50 மில்லி சிரிஞ்சின் மூக்கில் கதீட்டரை மாட்டி, உள்ளே விட்டு, சிரிஞ்சை இழுத்துக்கொண்டே வெளியே எடுக்கலாம். அழுத்தத்தை அளக்க முடியாது என்பதால் இது அவசரத்துக்கு மட்டும்.

கதீட்டர் உள்ளயே போக மாட்டேங்குது, மூச்சு வாங்குறாரு!

இதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் படிக்க முடியாது. பலமாக அழுத்தாதீர்கள். டியூப் வாயில் தொப்பி, பேசும் வால்வு, வடிகட்டி எது இருந்தாலும் கழற்றுங்கள். உள்டியூபை உருவுங்கள். பாதி நேரம் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். உருவிய பிறகு கதீட்டர் விட்டுப் பாருங்கள். அப்போதும் போகவில்லை என்றால் சிரிஞ்சால் கஃப் காற்றை எடுத்துவிடுங்கள், டியூபைச் சுற்றியாவது காற்று போக வழி கிடைக்கும். இதற்குள் இன்னொருவர் 108ஐக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆக்ஸிஜன் இருந்தால் கழுத்துக்கும் முகத்துக்கும் கொடுங்கள்.

இதுவரை செய்தும் திணறினால், அடைத்த டியூப் உள்ளே இருப்பதில் பயன் இல்லை, கழற்ற வேண்டியதுதான். இந்த இடத்துக்குத்தான் டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டர் முன்னால் ஒருமுறை உங்கள் கையால் டியூப் மாற்றிப் பழகச் சொல்கிறேன். வழி நன்றாக ஆறியவருக்கு ஓர் அளவு சின்ன டியூப் சுலபமாகப் போகும். ஆபரேஷன் ஆகி ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகிறது என்றால் வழி மூடிக்கொள்ளும் ஆபத்து அதிகம். அந்த நிலையில் யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, நீங்களும் அவசரப்பட்டு வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

ஆக்ஸிஜனை மூக்குல வச்சா ஆகாதா?

கஃப் ஊதியிருந்தால் மூக்கில் வைக்கும் ஆக்ஸிஜன் நெஞ்சுக்குப் போகாது. கழுத்தில்தான் வைக்க வேண்டும். குரல்வளையையே எடுத்துவிட்டவருக்கு மூக்குக்கும் நுரையீரலுக்கும் தொடர்பே கிடையாது, அவருக்கு எந்த நிலையிலும் கழுத்து மட்டும்தான். ஆம்புலன்ஸில் வரும் ஆளுக்கு இது தெரியாமல் போகலாம் என்பதால் நீங்களே சத்தமாகச் சொல்லுங்கள்.

மெட்டல் டியூப் போட்டு அனுப்பிட்டாங்க. ஆம்பு பை மாட்டவே இல்லையே?

மாட்டாது. பெரும்பாலான மெட்டல் டியூப்களில் ஆம்பு பை பொருந்தும் வாய் இல்லை, கஃபும் இல்லை. வீட்டில் வருடக்கணக்கில் வைத்திருக்க, கழுவ, மெட்டல் நல்லது. மூச்சுக்கு உதவி தேவைப்படலாம் என்று நினைக்கும் நோயாளிக்கு அது சரியான தேர்வா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

டியூப் முதுகுல சின்னச் சின்ன ஓட்டை இருக்கு, பேசுறதுக்காம். அதுல சக்‌ஷன் போடலாமா?

ஓட்டை உள்ள டியூபோடு இரண்டு உள்டியூப் கொடுப்பார்கள், ஒன்றில் ஓட்டை இருக்கும், மற்றதில் இருக்காது. சக்‌ஷன் போடும்முன் ஓட்டை இல்லாததை மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் கதீட்டர் அந்த ஓட்டை வழியாக வெளியேறி மூச்சுக்குழாயின் பின்சுவரைக் குத்தும். முடிந்ததும் பழையதை மாட்டுங்கள். பேசும் வால்வை கஃப் ஊதியிருக்கும்போது மாட்டவே கூடாது: காற்று உள்ளே போகும், வெளியே வர வழியிருக்காது.

வென்டிலேட்டர்ல இருக்குறவங்களுக்கு மூடிய சக்‌ஷன் போட்டாலும் முன்னாடி ஆக்ஸிஜன் கொடுக்கணுமா அக்கா? (ஒரு புது ஸ்டாஃப் கேட்டது)

கொடுக்கணும்மா. 30 முதல் 60 விநாடி நூறு சதவீதம். உறைக்குள் இருந்தபடி வென்டிலேட்டர் குழாயோடு மாட்டியே இருக்கும் மூடிய கதீட்டரின் லாபம், வென்டிலேட்டரைக் கழற்ற வேண்டியதில்லை, நுரையீரலைத் திறந்து வைத்திருக்கும் அழுத்தம் அவ்வளவாக இறங்காது, சளி உன் முகத்தில் தெறிக்காது. தேவையைக் கண்டுபிடிக்க உனக்குக் கூடுதலாக ஒரு கண் இருக்கிறது: திரையில் காற்றோட்டக் கோடு ரம்பப் பல் மாதிரி ஆகிறதா என்று பார். முடிந்ததும் கதீட்டரை உறைக்குள் கறுப்புக் கோடு தெரியும்வரை முழுசாக வெளியே இழுத்துவிடு. பாதி உள்ளேயே விட்டுவிட்டு ஷிப்ட் மாறிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

தலைக்காயம் உள்ளவருக்கு சக்‌ஷன் போட்டா மூளை அழுத்தம் ஏறும்னு படிச்சோம். அப்ப போடாம விடலாமா?

ஏறும், இருமும்போது ஏறத்தான் செய்யும். ஆனால் சளி அடைத்து ஆக்ஸிஜன் குறைந்து, கரியமில வாயு தேங்கினால் அதைவிட மோசமாக ஏறும். ஆகவே போட வேண்டும், சுருக்கமாக: தலை நேராக, கட்டில் 30 டிகிரி உயர்ந்து, முன்னும் பின்னும் ஆக்ஸிஜன், 10 விநாடி, ஒன்று அல்லது இரண்டு முறை. புரட்டுவது, குளிப்பாட்டுவது, சக்‌ஷன் மூன்றையும் ஒரே மூச்சில் செய்யாதே, நடுவில் இடைவெளி விடு.

நான் போடும்போது அவர் கண்ணுல தண்ணி வருது. வலிக்குதா சிஸ்டர்?

பாதி அந்தக் கண்ணீர் இருமலால் வருவது, வெங்காயம் நறுக்கும்போது வருவது போல. மீதிப் பாதி உண்மையான பயம். மூச்சு நின்றுபோனது போல இருந்தது என்று பின்னால் தேறியவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போடுவது, கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் பக்கத்தில் இருப்பது, “போதும்” என்பதற்கு இரண்டு முறை கண் சிமிட்ட வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்வது எல்லாம் உதவும். அவர் சிமிட்டினால் நிறுத்த வேண்டும். ஒரு தடவை ஏமாற்றிவிட்டால் அடுத்த தடவை கையைத் தட்டிவிடுவார்.

ராத்திரி நான் தூங்கிட்டா? அவருக்குக் கூப்பிடக் குரல் இல்லையே.

தனியாக ஒரே ஆள் இரவும் பகலும் பார்ப்பது ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. வீட்டில் குறைந்தது இரண்டு பேராவது கற்றுக்கொள்ளுங்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், 2021 ஆகஸ்டிலிருந்து, வலி நிவாரண சிகிச்சைக்கும் இயன்முறை சிகிச்சைக்கும் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துவிட்டால், வருகிற நர்ஸ் முன்னால் ஒருமுறை போட்டுக் காட்டித் திருத்திக்கொள்ளலாம்.

கை அசைக்க முடிந்தவர் என்றால் விரலில் ஒரு கொலுசு மணியோ, கைக்கெட்டும் தூரத்தில் அழைப்பு மணியோ. ஒரு வீட்டில் மாட்டுக்குக் கட்டும் சலங்கையை மெத்தை விளிம்பில் கட்டியிருந்தார்கள், பக்கத்து வீடுவரை கேட்கும். அசைவே இல்லாதவர் என்றால் அலாரம் உள்ள ஆக்ஸிமீட்டரை மாட்டிவிட்டு, உங்கள் கட்டிலை அவர் கட்டிலோடு ஒட்டிப் போடுங்கள். நாலைந்து நாளில் அந்தக் களகள சத்தத்துக்கு மட்டும் உங்கள் தூக்கம் தானாகக் கலையத் தொடங்கும்.